பத்து மணி: புரட்டவில்லை

அங்கீகாரம் தரும் ஆய்வுக் குழு வர மூன்று நாள் இருந்தது. கேரளத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் அட்டெண்டர்கள் அத்தனை பேரையும் வாசல் பூந்தொட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பிவிட்டார்கள். ஆண்கள் வார்டில் இருபத்தெட்டுக் கட்டில்களுக்கு மிஞ்சியது நர்சுகள் டெஸ்ஸியும் சாரிகாவும் மட்டும்தான்.

எட்டாம் கட்டிலில் குஞ்ஞப்பன் படுத்திருந்தார். கள்ளுக்கடைச் சமையல்காரர், ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பன்னிரண்டு நாளாகிறது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். செய்ததைக் குறிக்கக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது. அந்தத் தாளை நம்பினால், முந்தின நாள் பகலும் இரவும் அவரை ஒரு தடவைகூட விடாமல் புரட்டியிருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு உடம்பு துடைப்பதற்காக டெஸ்ஸியும் சாரிகாவும் அவரை ஒருக்களித்தார்கள். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. டெஸ்ஸி விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் விரல் பட்ட இடம் வெளுத்துவிட்டுத்தான் மறுபடி சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. அடியில் சதை நசுங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் தோல் உரிந்து புண்ணாகிவிடும்.

"ராத்திரி யாரும் வரல சிஸ்டரே. நான் ஒருத்தியா இழுத்துப் பார்த்தேன், அசையல" என்றாள் குஞ்ஞப்பனின் மனைவி தங்கம்மா. தன் மேல்தான் தப்பு என்பதுபோல இருந்தது அவள் குரல்.

டெஸ்ஸிக்கு முகம் எரிந்தது. ஷிஃப்டு முடியும்போது எல்லா நேரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிக் கையெழுத்துப் போடுவது அந்த வார்டின் வழக்கம். அந்தத் தாளில் இருந்த பொய்களில் இரண்டு அவளுடையவை.

டாக்டரிடம் சொன்னாள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டவும் என்று அவர் எழுதிவிட்டுப் போனார். பத்து மணி ஆனபோது பதினான்காம் கட்டில்காரருக்கு மூச்சு இறைத்தது. சாரிகா ஆக்சிஜனோடு அங்கே நின்றாள். அட்டெண்டரைக் கேட்டு மூன்று முறை போன் செய்தும் யாரும் வரவில்லை. ஒருத்தியாக இழுத்தால் விரிப்பில் உரசியே அந்தத் தோல் கிழிந்துவிடும். டெஸ்ஸி பேனாவை எடுத்துத் தாளில் எழுதினாள்: "பத்து மணி: புரட்டவில்லை. பிடிக்க இரண்டாவது ஆள் இல்லை." கீழே முழுப் பெயரையும் எழுதினாள்.

பதினொரு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த நர்சிங் சூப்பிரண்டு ரோசிலி அதைப் படித்தாள்.

"இது என்ன கொச்சே, உன் டைரியா?"

"நடந்ததை எழுதியிருக்கேன் மேடம்."

"கிழிச்சுட்டு வேற எழுது. எட்டு, பத்து, பன்னெண்டு. எல்லாரும் எழுதற மாதிரி."

"பன்னெண்டு இன்னும் ஆகலையே மேடம்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ரோசிலி குரலைத் தாழ்த்தினாள். டெஸ்ஸிக்கு இரண்டு வருஷம் முடிய இன்னும் இரண்டே மாதம் என்பதையும், அயர்லாந்து வேலைக்கு அந்த அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்பதையும், அதில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதையும் நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

டெஸ்ஸி தாளை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அதுல என்ன எழுதுவீங்க மேடம், நல்லாப் பொய்க் கையெழுத்துப் போடுவாள்னா? நானும் போட்டவதான். இனிமே போட மாட்டேன். இப்ப மணி பதினொண்ணு. நீங்க ஒரு கை பிடிங்க, புரட்டிடலாம். அதையும் அப்படியே எழுதறேன்."

வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ரோசிலி கஞ்சி போட்ட சேலையின் தலைப்பை இடுப்பில் செருகினாள். டெஸ்ஸி கட்டிலின் பிரேக்கைப் பூட்டி, இடுப்பளவுக்கு உயர்த்தி, என்ன செய்யப்போகிறோம் என்று குஞ்ஞப்பனிடம் சொன்னாள். செயலிழந்த வலது கையை உடம்பின்கீழ் மாட்டாமல் மார்பின்மேல் எடுத்து வைத்தாள். வலது முழங்காலை மடித்தாள். பத்து வருஷமாக ஆபீசில் உட்கார்ந்திருந்த ரோசிலியின் கைகள் யாரும் சொல்லாமலே விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் அந்தப் பெரிய உடம்பு இடப்பக்கமாக மெல்லப் புரண்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று.

அப்போதுதான் ரோசிலி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள், எடுத்தாள், மறுபடி அழுத்தினாள்.

"இதைத் தேய்க்காதீங்க. எண்ணெயும் போடாதீங்க" என்று தங்கம்மாவிடம் சொன்னாள். பிறகு டெஸ்ஸி பக்கம் திரும்பினாள். "மெமோ வரும். மன்னிப்பு எழுதித் தரணும்."

தாளைக் கிழிக்காமல் போய்விட்டாள்.

ஒரு மணிக்கு மெமோ வந்தது, மேலிடத்தை மதிக்காமல் பேசியதற்கு. மன்னிப்புக் கேட்க முடியாது என்று டெஸ்ஸி அதன் அடியிலேயே எழுதித் திருப்பி அனுப்பினாள். உனக்குக் கிறுக்கு, போற போக்கில் என்னையும் மாட்டிவிடப் போகிறாய் என்று திட்டித் தீர்த்த சாரிகா, பன்னிரண்டாம் கட்டில் தாளை எடுத்து, புரட்டாத நேரத்தைப் புரட்டவில்லை என்றே எழுதினாள். அடுத்த ஷிஃப்டில் இன்னும் இருவர் எழுதினார்கள்.

மறுநாளே இரண்டு அட்டெண்டர்கள் பெயின்ட் கறை படிந்த கைகளோடு வார்டுக்குத் திரும்பி வந்தார்கள். அனுப்பியது ரோசிலி. ஆய்வுக் குழு அந்தத் தாள்களையெல்லாம் படித்து, ஆள் போதாது என்று குறித்துவிட்டுப் போனது. ஆஸ்பத்திரிக்கு அந்தத் தடவை அங்கீகாரம் கிடைக்கவில்லை. நிர்வாகம் டெஸ்ஸியை வார்டிலிருந்து ஊசி போடும் அறைக்கு மாற்றியது. சான்றிதழை ஐந்து மாதம் இழுத்தடித்தது. நர்சுகள் சங்கம் வக்கீல் நோட்டீஸ் விட்ட பிறகுதான் கொடுத்தது. அதற்குள் அயர்லாந்து வேலைக்கு வேறு ஒருத்தி போய்விட்டாள்.

குஞ்ஞப்பனின் தோல் உடையவில்லை. ஆறாம் நாள் சிவப்பு மறைந்தது. டெஸ்ஸி மன்னிப்புக் கடிதம் எழுதவே இல்லை. ரோசிலியும் அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை.