ப்யூக்கில் ஏது வலை?

டெல்மர் கட்ஷாவுக்குத் தேவாலயத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். பிளம் க்ரீக் பந்தயத் திடலில் மட்டும் அவனுக்கென்று ஓர் இடம் உண்டு. நாலாம் வளைவு, அடியிலிருந்து மூன்றாவது வரிசை. இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் அந்தப் பலகையில்தான் உட்கார்கிறான். கார்கள் வளைந்து திரும்பும்போது டயரிலிருந்து தெறிக்கும் ரப்பர் துணுக்கு வேலியைத் தாண்டி வந்து அவனுடைய தேநீரில் விழும். விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிப்பான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. திடலின் முதலாளி வில்மா அம்மாள் நாலாம் வளைவின் காங்கிரீட் சுவருக்கு மெத்தைத் தடுப்பு போட்டு, கம்பி வேலியையும் உயர்த்தலாம் என்று முடிவு செய்திருந்தார். உயர்ந்த வேலிக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும் அல்லவா? கீழே ஐந்து வரிசைகள் போய்விடும். ஆனாலும் அவர் நியாயமான மனுஷி. "இது நீங்க உக்கார்ற இடம், நீங்களே சொல்லுங்க" என்று ரசிகர்களிடமே விட்டுவிட்டார். இன்றைக்கு இடைவேளையில், வேண்டும் என்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்திருப்பதுதான் வாக்கு என்றால் டெல்மரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மாதமாகத் தன் புல்வெட்டி பழுதுபார்க்கும் கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் வாய் ஓயாமல் பிரசாரம் செய்திருந்தான். நாலாம் வளைவே அவன் பேச்சைக் கேட்கும். கேட்காமல் என்ன செய்யும்? "சுவத்துல அப்பு!" என்று அங்கே இருநூறு பேர் ஒரே குரலில் கத்துகிறார்களே, அதைக் கண்டுபிடித்தவனே அவன்தான். முன்னால் போகிற காரைச் சுவரோடு சேர்த்து ஒட்டிவிடு என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லும் அன்பான ஆலோசனை.

"பந்தயம்னா கதவோட கதவு உரசணும் மச்சான்" என்றான் டெல்மர், அன்றைக்கு மூன்றாவது முறையாக. "மெத்தையப் போட்டு, தலகாணியப் போட்டு, தாலாட்டும் பாடணுமா? படுத்துத் தூங்கவா வர்றானுங்க?"

மச்சான் என்பது ராய்ஸ் டிப்டன். டெல்மரின் மனைவி நாடீனுக்கு அண்ணன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வாசலில் நிற்கிற காரை நிழலுக்கு நகர்த்துவதற்குக்கூட பெல்ட் போடுகிற ஜாதி.

"தூங்கறதுக்கு மெத்தை இல்லடா. எந்திரிச்சு வீட்டுக்குப் போறதுக்கு மெத்தை" என்றான் ராய்ஸ். "உனக்கு உன் பலகை போயிடும்னு பயம். அதச் சொல்லிட்டுப் போயேன்."

"பலகைக்காகவா பேசறேன்? கொள்கை மச்சான், கொள்கை!"

"ஆமா, மூணடி நீளக் கொள்கை."

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நாடீன் வேகவைத்த நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். இந்தச் சண்டை அவளுக்குப் பழகிப்போனது. இரண்டு பேருக்கும் பொதுவாகக் காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

அப்போதுதான் இரண்டாம் வளைவில் ஒரு மஞ்சள் கார் பின்பக்கம் தட்டுப்பட்டு, மூன்று சுற்று சுற்றிச் சுவரில் போய் மோதியது. திடலே எழுந்து நின்றது. ஒரு சத்தம் இல்லை. நாடீன்கூடக் கடலை உரிப்பதை நிறுத்தினாள். எல்லாக் கண்ணும் ஓட்டுபவரின் ஜன்னலில் இருந்தது. பந்தயக் கார்களில் அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, வலைதான். மோதியபின் உள்ளே இருப்பவர் தன் கையால் அந்த வலையை அவிழ்த்து இறக்கினால், பிழைத்தேன் என்று பொருள். வலை இறங்கும்வரை பிளம் க்ரீக்கில் யாரும் மூச்சு விடுவதில்லை.

வலை இறங்கியது. திடல் ஆர்ப்பரித்தது.

"பாத்தியா? வலை இறங்கிருச்சு!" என்று டெல்மர் தொடையில் தட்டினான். "இதுக்குப் போயி மெத்தையாம் மெத்த!"

நாடீன் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "அந்தப் பையனோட பொண்டாட்டி எங்க உக்காந்திருக்கா?"

"எங்கயோ இருப்பா. அதுக்கென்ன இப்ப?"

"இல்ல, அவளக் கேட்டியான்னு கேட்டேன்."

டெல்மர் அத்தோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "அடி இவளே, உள்ள இருக்கறவனுக்குப் பயமே கிடையாது. வெளிய உக்காந்து கடலை திங்கறவங்களுக்குத்தான் பயம். சும்மா பேசக் கூடாது. ஓட்டிப் பாத்தவங்க பேசட்டும்."

நாடீன் கடலைப் பொட்டலத்தை மடித்து அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எலுமிச்சைச் சாறு வாங்கப் போகிறாள் என்று நினைத்து, "எனக்கும் ஒண்ணு!" என்று கத்தினான்.

கால் மணி நேரம் கழித்து ரசிகர் ஓட்டம் தொடங்கியது. பிளம் க்ரீக்கில் அது ஒரு வழக்கம். யார் வேண்டுமானாலும் தான் வந்த காரையே திடலுக்குள் இறக்கலாம். இரண்டிரண்டு பேராக, இரண்டு சுற்று. தலைக்கவசம் அவர்களே தருவார்கள். கை கால் போனால் கேட்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அடுத்த ஜோடி!" என்றது ஒலிபெருக்கி. "கோழிப்பண்ணை லாரி ஓட்டற நம்ம லானி காடிஸ், நீல நிற பிக்கப் வண்டில! அவரோட மோதப்போறது, நம்ம எல்லார் வீட்டுக்கும் லெட்டர் கொண்டாந்து போடற நாடீன் கட்ஷா! பழுப்பு நிற ப்யூக் கார்ல!"

டெல்மர் மடியிலிருந்த கடலை முழுவதும் கீழே கொட்டியது.

"பெல்ட் போட்டிருக்காளா?" என்றான் ராய்ஸ் உடனே.

பெல்ட் இருக்கட்டும், பின் சீட்டில் காலையில் தேவாலய விருந்துக்குக் கொண்டுபோன, மயோனைஸ் குழைத்த உருளைக்கிழங்கு சாலட் பாத்திரம் இருக்கிறது. அதன் மூடி சரியாக மூடாது. அந்த நேரத்தில் டெல்மருக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

பச்சைக் கொடி அசைந்தது. லானியின் பிக்கப் உறுமிக்கொண்டு கிளம்பியது. ப்யூக் சத்தமே போடாமல் அதைத் தாண்டிப் போனது. நாடீன் பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்குத் தொண்ணூறு மைல் மலைப் பாதையில் தபால் போடுகிறவள். வளைவு அவளுக்குப் புதிதா என்ன? ஆனால் அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது. தபால் பெட்டிகள் எல்லாம் பாதையின் வலது ஓரத்தில் இருக்கும். அவள் கார் தானாக வலது ஓரத்தை ஒட்டித்தான் போகும். பிளம் க்ரீக்கில் வலது ஓரத்தில் இருப்பது சுவர்.

சுவருக்கும் ப்யூக்குக்கும் நடுவே ஒரு கடிதத்தைச் செருகலாம், அவ்வளவுதான் இடைவெளி. கூட்டம் வாயைப் பிளந்தது. "யம்மாடி, என்னா தைரியம்!" என்றார் பின்வரிசைக் கிழவர் ஒருவர்.

"தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று முனகினான் ராய்ஸ். "அவ லெட்டர் போட்டுட்டுப் போறா."

முதல் சுற்று முடிந்து ப்யூக் முன்னால், பிக்கப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. அப்போதுதான் நாலாம் வளைவு தன் கடமையைச் செய்தது. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், பக்கத்தில் சுவர். வேறென்ன வேண்டும்? இருநூறு தொண்டைகள் ஒன்றாகத் திறந்தன.

"சுவத்துல அப்பு! சுவத்துல அப்பு!"

டெல்மர் பலகைமேல் ஏறித் தன் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். "டேய், வாய மூடுங்கடா! அது நாடீன்டா! டேய்!"

அவன் கை ஆட்டுவதைப் பார்த்து, இன்னும் சத்தமாகக் கத்தச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். முன்னெல்லாம் அப்படித்தான் ஆட்டுவான். "சுவத்துல அப்பு!" திடலே அதிர்ந்தது. தான் வளர்த்த கிடா தன் மார்பிலேயே பாய்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

லானி அப்படியெல்லாம் அப்புகிற ஆள் இல்லை. நாடீன்தான் அந்த வேலையைத் தானே செய்துகொண்டாள். இரண்டாவது சுற்றில் நாலாம் வளைவுக்குள் நுழைந்தபோது சுவர் இன்னும் ஒரு சாண் கிட்டே வந்தது. பக்கக் கண்ணாடி போயிற்று, கதவு தீப்பொறி பறக்க உரசியது, வால் சுழன்றது. ப்யூக்கின் பின்பக்கம் காங்கிரீட்டில் தடாலென்று மோதி, கார் டெல்மருக்கு நேர் எதிரே புகையோடு நின்றது.

திடல் எழுந்து நின்றது. ஒரு சத்தம் இல்லை.

டெல்மர் வேலியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுபவரின் ஜன்னலையே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். வலை இறங்கவில்லை.

"வலை இறங்கல" என்றான். பிறகு அலறினான். "மச்சான், வலை இறங்கல! வலை இறங்கல மச்சான்! நாடீன்!" ஐம்பத்தேழு வயது, நூற்றுப் பத்து கிலோ, கம்பி வேலியில் ஏற ஆரம்பித்தான். நாலடி ஏறியதும் இடுப்புப் பெல்ட் கம்பியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் தொங்கிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான்.

ராய்ஸ் அவன் காலைப் பிடித்து உலுக்கினான். "டேய் முட்டாப்பயலே! ப்யூக்ல ஏதுடா வலை? அது வீட்டுக் காருடா!"

டெல்மருக்கு அது காதில் விழுந்தது. புரியத்தான் நேரமாயிற்று.

ப்யூக்கின் கதவு திறந்தது. நாடீன் இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றியதும், கழுத்தெல்லாம், தோளெல்லாம் வெள்ளையாக ஏதோ வழிந்தது. டெல்மர் தொங்கியபடியே மறுபடி அலறினான். அவள் அதை விரலால் வழித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கை அசைத்தாள். உருளைக்கிழங்கு சாலட். ஆர்ப்பரிப்பில் காது கிழிந்தது.

வேலியிலிருந்து அவனைக் கழற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். வாயிற்கதவுக்கு ஓடினான். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பிடரியில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்குத் துணுக்கு ஒன்றை அவன் எடுத்தான், இன்னொன்றை எடுத்தான்.

"இன்னும் ஒட்டிருக்கா?" என்றாள்.

"கொஞ்சம்."

"டெல்மர், நீ சொன்னது நெசந்தான். உள்ள ஒரு துளி பயம் இல்ல. வயித்துக்குள்ள மீன் துள்ளற மாதிரி இருந்துச்சு. இத்தன வருசமா இதுக்குத்தான் கத்திட்டிருந்தியா? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"கார்... கார் போச்சே நாடீன்."

"பின்னாடிதான் நசுங்கிருக்கு. நீதான் நிமித்துவியே. அடுத்த ஞாயிறுக்கு இப்பவே பேர் குடுக்கத் தனி சன்னலாமே, அது எங்க இருக்கு?"

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தான். எந்த வாயை? ஓட்டிப் பார்த்தவர்கள் பேசட்டும் என்று சொன்ன வாயையா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். விரலை நீட்டி வழி காட்டிவிட்டு, தன் பலகைக்குத் திரும்பி வந்தான். நாலாம் வளைவு அவன் முதுகில் தட்டியது. "உம் பொண்டாட்டி சிங்கம்டா!" என்றார்கள்.

ஒலிபெருக்கியில் வில்மா அம்மாளின் குரல் வந்தது. "சரி புள்ளைங்களா, பேசினதெல்லாம் போதும். மெத்தையும் வேலியும் வேணுங்கறவங்க எந்திரிச்சு நில்லுங்க. எண்ணப்போறேன்."

ராய்ஸ் நின்றான். அங்கொருவர் இங்கொருவர் நின்றார்கள். எதிர்ப்பக்கம் பாதிப்பேர் நின்றார்கள். நாலாம் வளைவு அசையவில்லை. ஒரு மாதப் பாடம் நன்றாக ஏறியிருந்தது. டெல்மர் தூரத்தில் அந்த ஜன்னலைப் பார்த்தான். நாடீன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் இன்னும் கொஞ்சம் சாலட் இருந்தது. அவளுக்குப் பின்னால், வளைவு தொடங்குகிற இடத்துச் சுவரில் ப்யூக் உரசிய பழுப்புக் கோடு, வெறும் காங்கிரீட்டில், ஒரு பேருந்து நீளத்துக்கு.

டெல்மர் எழுந்து நின்றான்.

"என்ன டெல்மர், காலு மரத்துப்போச்சா?" என்றார் பின்வரிசைக் கிழவர்.

"எந்திரிங்கடா" என்றான்.

யாரும் எழவில்லை. நீதானே உட்காரச் சொன்னாய் என்பது போல் பார்த்தார்கள்.

"நான் சொன்னதெல்லாம் மறந்துடுங்க. எந்திரிங்கடா. அந்தா, அங்க பேர் எழுதிட்டிருக்கறது என் பொண்டாட்டிடா!" குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று அவன் மறைக்கவில்லை. "அவ அடுத்த வாரமும் வலது ஓரமாத்தான் ஓட்டுவா. அவளுக்கு வேற மாதிரி ஓட்டத் தெரியாது."

முதலில் கிழவர் எழுந்தார். பிறகு அந்த வரிசை, அதற்கு மேல் வரிசை. வில்மா அம்மாள் நாலாம் வளைவுக்கு வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டு, "போதும், உக்காருங்க" என்றார்.

அன்றே ஆட்கள் வந்து, எடுக்கவேண்டிய ஐந்து வரிசைகளிலும் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டே போனார்கள். மூன்றாவது வரிசையில் டெல்மர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"உன் எடம் போச்சே மச்சான்" என்றான் ராய்ஸ். கேலி செய்யத்தான் ஆரம்பித்தான். பாதியில் அவனுக்கே மனம் வரவில்லை.

"போனாப் போவுது" என்றான் டெல்மர். "இங்கேர்ந்து பாத்தா இந்த ஒரு வளைவுதான் தெரியுது. மேல போனா, அவ சுத்தி வர்ற வரைக்கும் கண்ணுல இருப்பா."