பனியில் வந்த படகு

அப்பாவின் தலையிலிருந்து புகை வருவதை முதலில் பார்த்தது நான்தான். ஏரி மொத்தமும் உறைந்து கிடந்த ஜனவரி காலை. வெறும் பனியனோடு கொல்லைப் பனியில் நின்றிருந்தார். வழுக்கையிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பி, மெல்ல மேலே போய், வீட்டுப் புகைபோக்கிப் புகையோடு கலந்துகொண்டது. எது வீடு, எது அப்பா என்றே தெரியவில்லை.

"உள்ள வாங்கப்பா, உறைஞ்சி போயிடுவீங்க."

"உள்ளதான்டா எரியுது, நீலோ." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்க."

ஊசி செய்கிற வேலை அது. இலையுதிர் காலத்தில் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சு கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிட்டது. நகரத்தில் தச்சுவேலை என்று தம்பியிடம் கதை கட்டிவிட்டுத்தான் தினமும் போய்வந்தார். கூடவே ஆண் ஹார்மோனை அடக்கிவைக்கும் ஊசி. அந்த ஹார்மோன்தான் கட்டிக்குத் தீனியாம். தீனி நின்றால் கட்டி சோர்ந்து படுத்துவிடும். கட்டி படுத்ததோ என்னவோ, அப்பாவின் உடம்பு அரைத்தூக்கத்துக்குப் போய்விட்டது. நினைத்த நேரத்தில் அனல் பொங்கும். மார்பு மேடு தட்டி, தொட்டால் வலித்தது. தும்மினால் சிறுநீர் கசியும் என்று உள்ளாடைக்குள் பஞ்சுப் பட்டை வைத்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைப் பார்த்தபடி எங்கேயோ மிதந்துபோவார். காபி ஆறிப்போயிருக்கும்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு அதிகம், தம்பி ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. தாவி சித்தப்பாவுக்கு ஐம்பது தாண்டியாயிற்று. "நானே சொல்றேன், நீ வாயத் தொறக்காத" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வார்? இந்த மாதிரிப் பேச்செல்லாம் ஃபின்லாந்தில், எங்கள் பக்கத்தில், சனிக்கிழமை சௌனா என்கிற ஆவிக்குளியல் அறையில்தான் பேசுவார்கள். கொதிக்கிற கல்லில் ஒரு கரண்டி தண்ணீர், சீறி எழும் ஆவி, பலகையில் பொட்டுத் துணியில்லாமல் ஆண்கள். நிலம் விற்பதிலிருந்து கல்யாணம் வரை அங்கேதான். அப்பாவோ ஊசி ஆரம்பித்ததிலிருந்து, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் சித்தப்பாவின் சௌனா பக்கமே போகவில்லை. அந்த மார்பையும் பஞ்சையும் காட்டவேண்டுமே.

சனிக்கிழமை சௌனாவுக்கு ஒருத்தர் வரவில்லை என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். கோபம். யாரும் சத்தம் போட மாட்டோம், வராமல் இருந்துவிடுவோம். சித்தப்பாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். என்ன கோபம் என்று கேட்பதும் இங்கே வழக்கமில்லை. அவரே யோசித்து, தன் பழைய குற்றங்களைத் தோண்டியெடுத்து, வாரம் ஒன்றாகத் தீர்க்க ஆரம்பித்தார். முதலில் வாசலில், மீன் பிடிக்க ஏரிப் பனியில் துளை போடும் புதுக் கருவி ஒன்று இருந்தது, எப்போதோ இரவல் வாங்கி உடைத்ததற்குப் பதில். அடுத்து, அவர் வண்டி இடித்துச் சாய்ந்திருந்த எங்கள் தபால்பெட்டி தானாக நிமிர்ந்துகொண்டது. அப்புறம் பெரிய பொட்டலம் நிறையப் புகைபோட்ட மீன்.

"பாவம்பா, சொல்லிடுங்க. அடுத்து வீட்டையே எழுதிக் குடுத்துடப் போறாரு."

"மீன் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பூம்பனி பெய்தது. ஏரிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது.

கனவென்றுதான் நினைத்தேன். உறைந்த ஏரிமேல், துடுப்பில்லாமல், சத்தமில்லாமல், பச்சை மரப்படகு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிட்டே வந்த பிறகுதான், முன்னால் கயிற்றைத் தோளில் மாட்டி இழுக்கிற சித்தப்பா தெரிந்தார். தாத்தாவின் படகு. அவர் போனபோது சித்தப்பாவுக்கு வந்தது.

"எடுத்துக்கண்ணே." மூச்சு வாங்கியது அவருக்கு. "நியாயமா இது உனக்குத்தான் வந்திருக்கணும். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அப்பா படகைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "இத இழுத்துட்டா வந்த? கிறுக்கா உனக்கு?"

"வேற என்னதாண்ணே உன் கோவம்? எங்கிட்ட குடுக்க இனிமே ஒண்ணுமில்ல."

படகின் விளிம்பில் சேர்ந்திருந்த பனியை அப்பா கையால் தள்ளிவிட்டார். பனி விழுந்துகொண்டே இருந்தது. பிறகு கேட்டார்:

"கல்லு சூடாச்சா?"

"விறகு போட்டுட்டுத்தான் வந்தேன்."

"நட."

ஏரியைக் கடந்து மூவரும் நடந்தோம். சௌனாவின் முன்னறையில் அப்பா மெதுவாக, ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியில் அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே அது?"

"பஞ்சு. கேன்சர்டா தாவி. புரோஸ்டேட்ல. ஊசி போட்டுட்டு இருக்கேன், அதான் இந்த மாரு, இந்தக் கண்றாவி எல்லாம்."

சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார்.

"நீ ஊசி போட்டு வாங்கின. எனக்கு பீர்லயே வந்திருச்சு."

அப்பாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் சத்தமாகவே சிரித்தார். சிரிப்பு நின்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆவிக்குள் முகங்கள் கரைந்தன, குரல் மட்டும் மிஞ்சியது.

"நீயும் ரத்தம் குடுத்துப் பாக்கணும்" என்றது அப்பாவின் குரல்.

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் நல்லாத்தான்டா இருந்தேன்."

பதிலுக்குச் சித்தப்பா கல்லில் தண்ணீரை வீசினார். மறுபடியும் வீசினார். காது மடல் எரிந்தது. யாரும் இறங்கவில்லை.

"எனக்கும் இருந்துட்டா?" என்றார் கடைசியில். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"என்னய மாதிரி நீயும் பனியில நின்னு வேர்ப்ப. நான் பக்கத்துல நிப்பேன். சீக்கிரம் தெரிஞ்சா நல்லதுன்னு சொல்றாங்க. எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் தெரிஞ்சுது."

அப்போது அப்பாவுக்கு அனல் வந்தது. ஆவி விலகிய இடைவெளியில் கழுத்து சிவந்து ஏறுவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவுக்குத் தெரியவில்லை, மூவருமே சிவந்து, வேர்த்து வழிந்துகொண்டிருந்தோம். அப்பா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தார். அவர் ஒளிந்துகொள்ளத் தேவையில்லாத ஒரே அறை இதுதான். இங்கேயா வராமல் இருந்தார்?

வெளியே வந்து பனியில் நின்றோம். மூன்று தலையிலிருந்தும் ஆவி எழும்பி ஒன்றாகிப் போனது. தூரத்தில், எங்கள் கரையோரம், படகுக்குள் பனி நிரம்பிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழம போறேன்" என்றார் சித்தப்பா. "நீதான் வண்டி ஓட்டணும். ஊசின்னா எனக்கு மயக்கம் வரும்."

"சரி. படக எப்ப எடுத்துட்டுப் போற?"

"என்னால இன்னொரு தடவ இழுக்க முடியாதுண்ணே. கெடக்கட்டும். ஏரி உருகினா தானா மெதக்கும்."