நூற்றுக்கு நூறு வாங்கிய பக்கம்

சோதனை மென்பொருள் நூற்றுக்கு நூறு என்று பச்சை வட்டம் போட்டுக் காட்டியதும் விஜயலெட்சுமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருக்காதா பின்னே? லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பதுளை ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பிள்ளை. தோட்டத்துச் சனத்தின் முறைப்பாடுகளைப் போனில் கேட்டு உதவுகிற தொண்டு நிறுவனம் அது. ஊழியர்களுக்கென்று உள்ளே ஒரு இணையத்தளம் உண்டு. லீவு போடுவதும் அறிவித்தல் பார்ப்பதும் அதில்தான். அதை நடத்துகிறவள் இவள். கண் தெரியாதவர்களும் அதைப் பாவிக்க முடியுமா என்று பார்க்கிற மென்பொருள்தான் அந்த நூறு போட்டது.

"கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, எல்லாரும் பாவிக்கலாம்னு ஒரு அறிக்கை போட்டுருங்க விஜி," என்றார் பணிப்பாளர் ரஜீவ் சேர். "உதவி குடுக்குற வெளிநாட்டுக்காரங்க கேக்குறாங்க. முன்பக்கத்துலயே தெரியணும்."

போட்டாள். இந்தத் தளத்தை எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். பரிசோதித்து உறுதிப்படுத்தியவர் இ. விஜயலெட்சுமி, திகதி மார்ச் மூன்று. தன் பெயரை அப்படிப் பார்த்ததில் ஒரு பெருமை. போட்டோ எடுத்து அப்பா இராசையாவுக்குக்கூட அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அதே தளத்தில் இன்னொரு அறிவித்தலும் போட்டாள். முறைப்பாட்டு போன் எடுக்கும் வேலை இனி நிரந்தரமாகிறது, ஊழியர்கள் பத்தொன்பதாம் திகதிக்குள் விண்ணப்பிக்கலாம். தினேஸ் என்ற புதுப்பையன் மட்டும் விண்ணப்பித்தான். அவனுக்கே கிடைத்தது.

ஏப்ரலில் ஒருநாள் சுவரைத் தடவிக்கொண்டு அவள் அறைக்கு வந்தார் இன்ஸாப் நானா, ஆபீசில் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. ஏழு வருசமாக அந்தப் போனை எடுக்கிறவர் அவர்தான், தற்காலிகமாக. இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் குரலைக் கேட்டே எந்தத் தோட்டத்து ஆள் என்று சொல்லிவிடுவார்.

"தங்கச்சி, தினேஸுக்கு நிரந்தரமாம். எனக்கு யாரும் சொல்லவே இல்லையே?"

"சைட்டுல போட்டிருந்தேனே நானா. நீங்கதான் வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"வேணாமா? மூணு புள்ளய வச்சிக்கிட்டு நான் வேணாமுன்னு சொல்லுவேனா?" மனுசனின் குரல் உடைந்தது. திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிற தன் போனை எடுத்து மேசையில் வைத்தார். "ஒங்கட சைட்டுல லீவு போடுற எடம் இங்கிலீசு, அது நல்லா வாசிக்கிது. தமிழ் வந்தா என்னமோ ஒளறுது. போன் பழசுன்னு நெனச்சேன். நீங்களே கேளுங்க."

போன் முன்பக்கத்திலிருந்த அவளுடைய அறிக்கையை வாசித்தது. வீ, வை, செமிகோலன், என், வை, எச், யூ, கே, செமிகோலன்.

விஜயலெட்சுமி இன்னொரு தடவை வாசிக்கவிட்டுக் கேட்டாள். 'எல்லோரும்' என்ற சொல் அது. அவள் விரல் பழகியது பாமினி எழுத்தில். பஜார் டைப்பிங் வகுப்பில் முதலாவதாக வந்தவள். பாமினியில் அடித்தால் கண்ணுக்கு அழகான தமிழ் தெரியும். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. பார்க்கிறவனுக்குத் தமிழ், கேட்கிறவனுக்குக் குப்பை. சோதனை மென்பொருளும் எழுத்து இருக்கிறதா என்று பார்த்ததே தவிர அது தமிழா என்று பார்க்கவில்லை. இவளும் கண்ணால்தான் பரிசோதித்தாள். காதால் ஒருதடவை கேட்கத் தோன்றவில்லையே, பாவி!

"நானா, ஒங்க போன்ல பிழையில்ல. என் எழுத்துலதான் பிழை. நான் சேர்ட்ட பேசுறேன். நீங்களும் ஒரு முறைப்பாடு குடுங்க."

"நீங்க சொன்னா சரி தங்கச்சி," என்று நிம்மதியாகப் போனார்.

பேசத்தான் செய்தாள். சேர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"எழுத்தையெல்லாம் மாத்துங்க, சத்தமில்லாம. அறிக்கையோட திகதிய மட்டும் தொடாதீங்க. இன்ஸாப் முறைப்பாடு கொழும்புத் தலைமை ஆபீசுக்குப் போயிருச்சு. அவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அறிவித்தல் போட்ட அன்னைக்கு அந்த ஆளால வாசிக்க முடிஞ்சுச்சா இல்லையா? ஒங்க அறிக்கை மார்ச் மூணு. அறிவித்தல் அஞ்சு. அதுவே போதும். இதுல ஒரு கையெழுத்து வைங்க."

அச்சடித்த அறிக்கையை முன்னால் தள்ளினார்.

"அவரால வாசிக்க முடியலையே சேர். நானே கேட்டேனே."

"அப்ப நீங்க பொய் அறிக்கை போட்டீங்கன்னு எழுதவா? ஜூன்ல ஒங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும், இல்லையா?"

போட்டபோது அது பொய்யில்லை, தெரியாத்தனம். இப்போது தெரிந்துகொண்டே வைத்தால் என்ன பெயர்? அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. வீட்டில் முழுச்சம்பளம் இவளுடையது மட்டும்தான். இதையும் நினைத்தாள், நானாவின் மூன்று பிள்ளைகளையும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கையெழுத்தை வைத்துவிட்டாள். கையெழுத்து எப்போதும்போல அழகாக விழுந்தது, அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு நாள் பேய் பிடித்தமாதிரி வேலை செய்தாள். தளத்திலிருந்த தமிழ் முழுவதையும், உள்ளேயும் தமிழாகவே இருக்கிற யுனிகோடில் புதிதாக அடித்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் தன் போனை வாசிக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். மூன்று தடவை கேட்டுத்தான் விட்டாள். நானாவின் அறை இருக்கும் நடைபாதைப் பக்கம் மட்டும் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் குரல் கேட்டால் பின்வாசலால் இறங்கிப் பஜாருக்கு நழுவினாள்.

ஐந்தாம் நாள் அவரே வந்தார்.

"தங்கச்சி, உள்ள ஈக்கிறீங்களா?"

"வாங்க நானா. ஒக்காருங்க."

உட்காரவில்லை. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "இன்னக்கித்தான் ஒங்கட சைட் என்னோட தமிழ்ல பேசிச்சி! காலையிலருந்து வாசிக்கவிட்டுக் கேட்டுட்டே ஈக்கிறேன். ஒரு சொல்லு தப்பில்ல. இத நீங்கதானே செஞ்சீங்க?"

"ஆமாங்க நானா."

"நல்லாருப்பீங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "கொழும்பிலருந்து பதில் வந்தீக்கி. புஹாரி நானா கடையில வாசிச்சிக் காட்டினாரு. அறிவித்தல் போட்ட அன்னக்கி சைட் எனக்கு நல்லா வாசிக்கக்கூடியதா இருந்திச்சாம். பொறுப்பான உத்தியோகத்தர் ஒருத்தர் அத உறுதிப்படுத்தி கையெழுத்து வச்சீக்காராம். அதால முறைப்பாடு தள்ளுபடியாம். பேரு போடல."

விஜயலெட்சுமி அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அந்தப் பொறுப்பான ஆளுன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டேன். சேரா இருக்கும்னு நெனச்சேன். அப்பதான் சைட்டு முன்பக்கத்துல அந்த அறிக்கைய வாசிச்சிச்சி. எல்லாரும் பயன்படுத்தலாம், மார்ச் மூணுன்னு. இதுக்கு முந்தி இது எனக்கு வெறும் ஒளறல்தானே. கடைசியா ஒரு பேரையும் தெளிவா வாசிச்சிச்சி."

அவர் முகத்திலிருந்த மலர்ச்சி இன்னும் முழுதாகப் போகவில்லை. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"இந்த ஆபீசில இன்னொரு விஜயலெட்சுமியும் ஈக்கிறாங்களா தங்கச்சி?"

அவர் உண்மையாகவே கேட்கிறாரா, அவளுக்கு ஒரு வழி விடுகிறாரா என்று தெரியவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனுசன் நம்பியும் விடுவார்.

"இல்ல நானா," என்றாள். "நான் ஒருத்திதான்."

இன்ஸாப் தலையை ஆட்டினார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இன்னொருத்தர் ஈப்பாங்கன்னு நெனச்சிக்கிட்டுத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.