பின்னோக்கி நடந்த என் தம்பி

என் தம்பியின் நினைவுக் கூட்டத்திற்கு நான்கு நாள் முன்னதாக, பிரார்த்தனைக் கூடத்தின் செயலர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். அதைத்தான் நான் மேடையில் வாசிக்க வேண்டுமாம். "பாலத்தின் நடுவே மண்டியிட்டார், கடவுளை வேண்டினார், இருபத்தெட்டு டன் பாரத்தைப் பாலம் தாங்கியது" என்று அதில் எழுதியிருந்தது. பாலம் தாங்கியது உண்மை. மண்டியிட்டது உண்மையன்று. நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

இருபத்து மூன்று வயதில், ஓட்டை லாரி ஒன்றை வாங்கித் தொழில் தொடங்கியவன் என் தம்பி. பிறர் ஏற்ற மறுத்த பாரங்களைத்தான் அவன் ஏற்றினான். பிரிக்க முடியாத அச்சு இயந்திரம், மலைமேல் மருத்துவமனைக்கு ஜெனரேட்டர், ஒருமுறை முழுதாக ஒரு படகு. எங்கள் அலுவலகம் டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ரப்பர் நாற்றத்துக்கு நடுவே கடிதங்களையும் கோப்புகளையும் நான் பார்த்துக்கொண்டேன். படியேறும்போதே அவன் குரல் வந்துவிடும்.

"அக்கா, இன்னிக்கு யாரு, என்ன கேட்டாங்க?"

"காகித ஆலைக்கு ஒரு கொதிகலன். இருபத்தெட்டு டன். வழியில ஆறு பாலம். எல்லா கம்பெனியும் முடியாதுன்னுட்டாங்களாம்."

"அப்போ அது நமக்குத்தான்."

"உனக்கு மட்டும் எப்படிடா முடியும்?"

"முடியாதுன்னு யாராவது சொன்னா எனக்கு மூக்குல வேர்த்துடுது. நான் என்ன பண்ண?"

அவன் சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் மாறிப் பூட்டியிருக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் ஆலைக்குப் பதில் எழுதுவேன். அந்த இரண்டு அறைகளில் நான் சிரித்த அளவுக்கு வேறெங்கும் சிரித்ததில்லை.

அவனுடைய வேலைமுறை தனியானது. பாலம் வந்தால் லாரியைக் கரையில் நிறுத்திவிட்டு, இரும்புக் கம்பியால் பலகைகளைத் தட்டிப் பார்த்தபடி தான் மட்டும் முன்னே போவான். பிறகு லாரியைப் பார்த்துத் திரும்பி நிற்பான். வலக்கையை முகத்தருகே மடக்கினால் 'வா'. இரு கைகளையும் உயர்த்தினால் 'நில்'. லாரி நகரத் தொடங்கியதும் அதன் எதிரே பின்னோக்கி நடப்பான். டிரைவர் சாலையைப் பார்க்கக் கூடாது. அவன் கையை மட்டுமே பார்க்க வேண்டும். இருவரில் ஒருவருக்கும் தான் போகும் வழி தெரியாது.

டிரைவரைப் 'பூனை' என்று எல்லோரும் அழைத்தார்கள். எத்தனை டன் ஏற்றினாலும் குலுங்காமல் வண்டியை எடுப்பார். "பூனை ஓட்டினா நான் தூங்கிட்டே பின்னால நடப்பேன்" என்பான் தம்பி. "தூங்கிடாதீங்கண்ணே, அப்புறம் உங்களையும் சேர்த்து ஏத்தணும்" என்பார் அவர்.

கொதிகலன் ஐந்து பாலங்களைக் கடந்தது. ஆறாவது மரப்பாலம். நண்பகலில் வண்டி ஏறியது. ஏறி முடித்து எதிர்க்கரை சேர்ந்ததும் நடுவிலிருந்த உத்திரம் முறிந்து ஆற்றில் விழுந்தது. ஆலையின் பொறியாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "யார் சொல்லி வண்டி வந்துச்சு?"

"நான் கூப்பிடலை" என்றான் தம்பி.

"கை காட்டினீங்களேண்ணே" என்றார் பூனை.

"காட்டலை."

மறுநாள் வேலைநீக்கக் கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன். 'சைகையின்றி வண்டியை நகர்த்திய காரணத்தால்' என்ற தொடர் என்னுடையது. டிரைவரை அழைத்து ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பி சொன்னான்; எழுதினேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, வாரத்தில் ஒருநாள் காலையில் அவன் தாமதமாக வரத் தொடங்கினான். புதிய வியாபாரம் ஏதோ பேசுகிறான் என்று எண்ணினேன். பிரார்த்தனைக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதாகப் பிறகு தெரிந்தது. கடவுள் பெயரைச் சொன்னாலே கேலி செய்தவன்! நான் விடவில்லை.

"வாரம் தவறாம போறியே, கடவுள்கிட்ட எத்தனை டன் ஏத்திட்டு வரப்போறே?"

"ஏத்த இல்லக்கா. இறக்கத்தான் போறேன்."

என்ன பாரம் என்று நான் கேட்கவில்லை. காலப்போக்கில் அவன் அங்கே வேதம் வாசிப்பவன் ஆனான். உத்திரம் முறிந்த கதை கூடத்தில் கடவுள் செய்த அற்புதமாக வளர்ந்தது. யாராவது அதைச் சொல்லும்போதெல்லாம், "அப்படி இல்லீங்க" என்று தொடங்குவான், முடிக்க மாட்டான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு, மருத்துவமனைக் கட்டிலில்தான் முடித்தான்.

"உத்திரம் விரிசல் விட்டிருந்துச்சுக்கா. நில்லுன்னு கையைத் தூக்கப் போனேன். அதுக்குள்ள ஒரு குளவி மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. விரட்டினேன். பூனை அதை 'வா'ன்னு எடுத்துக்கிட்டான். முன்சக்கரம் ஏறின பிறகு நிறுத்தியிருந்தா அங்கேயே கவிழ்ந்திருக்கும். வர்றது வரட்டும்னு பின்னால நடந்தேன். கரைக்குப் போனா அந்தப் பொறியாளர் கேக்குறார். என் கை தப்பு பண்ணிடுச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் பாரம் தருவான்?" மூச்சு வாங்கினான். "மன்னிச்சுடுன்னு கடவுள்கிட்ட வாராவாரம் கேட்டேன். பூனை வீட்டு வாசல் வரைக்கும் மூணு தடவை போனேன். கதவைத் தட்டத்தான் துணிச்சல் வரலை."

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கையெழுத்திட்டான். மறுநாள் போய்விட்டான்.

கூட்டத்தன்று காலையில் அந்தக் கடிதத்துடன் பூனையின் வீட்டுக்குப் போனேன். குறுகிய சந்தில் கடைசி வீடு. தலை முழுதும் நரைத்து, குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரியக்காவா? வாங்க, வாங்க. அண்ணன் போனதைக் கேள்விப்பட்டேன்."

கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி இல்லை, நீங்களே படியுங்கள் என்றார். படித்தேன். அன்று கையசைத்தது தானே என்றும், டிரைவர் மீது எந்தத் தவறும் இல்லை என்றும், எல்லோர் முன்னிலையிலும் தான் பொய் சொன்னதாகவும் அவன் எழுதவைத்திருந்தான். அதன்கீழே, விசாரிக்காமல் வேலைநீக்கக் கடிதம் எழுதியது என் குற்றம் என்று நானும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன்.

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"குளவியா?"

"குளவிதான்."

"கண் டாக்டர்கிட்டக்கூடப் போனேங்கக்கா. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்போ இல்லாத கையை எப்படிப் பாத்தேன்? புத்தி பிசகிடுச்சுன்னு பயந்து, அதுக்கப்புறம் ஸ்டியரிங்கையே தொடலை. வேலை போனதுகூட இல்ல. என் கண்ணையே நம்பாம இருந்துட்டேன்."

உள்ளிருந்து அவர் மனைவி வந்து நின்றார். "இன்னொரு தடவை படிங்க, இவளும் கேக்கட்டும்" என்றார் பூனை. படித்தேன்.

"இதை அவர் நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே" என்றார் அந்த அம்மாள்.

"சொல்லியிருக்கணும்" என்றேன். அவனுக்காகச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பூனை எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "கூட்டத்துல என்ன படிக்கப் போறீங்க?" என்றார்.

"இதைத்தான்."

"அப்போ சட்டை மாத்திட்டு வர்றேன். கோவம் இருக்குக்கா. இருந்தாலும் வர்றேன்."

கூடத்து வாசலில் செயலர் என் தாளைப் புரட்டிப் பார்த்து முகம் வெளுத்தார். "அம்மா, அந்த அற்புதத்தைக் கேட்டுத்தான் பாதிப் பேர் இங்க வந்தாங்க. இன்னிக்குப் போயி இதையா?"

"அவன் வாராவாரம் எதுக்கு இங்க வந்தான்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? வழியை விடுங்க" என்றேன்.

மேடையேறி வாசித்தேன். படகு ஏற்றிய கதையில் எல்லோரும் சிரித்தார்கள். மாறிப் பூட்டிய பொத்தானுக்கும் சிரித்தார்கள். பாலம் வந்ததும் தலைகள் நிமிர்ந்தன. குளவியைச் சொன்னேன். பொய்யைச் சொன்னேன். என் கடிதத்தையும் சொன்னேன். நடு வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த டிரைவர் இப்போ எங்க இருக்கார்?"

பூனை எழுந்து நின்றார். "நான்தாங்க அந்த டிரைவர்" என்றார்.

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மறுபடி உட்காரும் வரை அடுத்த வரியை நான் படிக்கவில்லை.