தலைமையாசிரியரின் பல்வலி

மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், வாசல் காவலாளி ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கு: வருகிற வியாழக்கிழமை மாலை தலைமையாசிரியர் அவர்களுக்குப் பல் வலிக்கும்.

திங்கட்கிழமையே இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தவர் சாட்சாத் தலைமையாசிரியரேதான். இனிமேல் வரப்போகிற வலி முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார். சொல்லத் தொடங்கினால் மணியடிக்கும்வரை சொல்வார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மைக்செட்.

வலி பல்லில் இல்லை, வீட்டில் இருந்தது. கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்த மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “குடிய விட்டாத்தான் பாப்பா உங்க கைக்கு வரும். முதல்ல குடிய விட்டவங்க நடத்துற கூட்டத்துக்குப் போங்கப்பா.” எதற்கெடுத்தாலும் வாதாடும் மனைவி அப்போது மகள் சொன்னதற்குத் தலையாட்டினாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குடியை விட நினைப்பவர்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தார்.

“ஒரு நண்பருக்காக விசாரிக்கிறேன்.”

“சொல்லுங்க. உங்க நண்பர் எந்தப் பக்கம்?”

சொன்னார்.

“அட, அங்கேயே ஒரு கூட்டம் நடக்குதே. ஸ்கூலுக்கு ரெண்டு தெரு தள்ளி.”

“அவர் கொஞ்சம் தூரமா எதிர்பார்க்கிறார்.”

“எல்லா நண்பர்களும் அப்படித்தாங்க கேப்பாங்க” என்று அந்தக் குரல் அலுப்பில்லாமல் சொல்லி, நகரத்தின் மறுகோடியில் வியாழன்தோறும் மாலையில் கூட்டம் நடக்கும் ஒரு நூலகத்தின் முகவரியைக் கொடுத்தது.

வியாழனன்று தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இரண்டு பஸ் மாறிப் போனார். துப்பறியும் நிபுணர் என்று அவருக்கு நினைப்பு. பார்த்தவர்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனவர். நூலகத்தின் பின்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. மூலையில் ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பினார். அவருடைய பள்ளியின் விளையாட்டு ஆசிரியர்.

“வாங்க சார். சர்க்கரை போடலாமா?”

“நீங்க... இங்க எப்படி?”

“நம்ம ஏரியா கூட்டத்துக்குப் போனா தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்களேன்னுதான் சார் இவ்வளவு தூரம் வர்றேன்.”

பக்கத்தில் இருந்த தையல்கடை அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். “என் கடை இந்தத் தெருவுலதான் இருக்கு. நான் உங்க ஏரியா கூட்டத்துக்குத்தான் போவேன். இன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டேன், அதான் இங்க.”

கூட்டத்தை நடத்திய நர்ஸ் புதியவருக்கு விதியைச் சொன்னாள். “பேசணும்னா பேசலாம், வேணாம்னா சும்மா கேட்டுட்டிருக்கலாம். ஒருத்தர் பேசுறப்ப யாரும் குறுக்க பேசமாட்டோம். புத்தி சொல்லமாட்டோம். கை தட்டமாட்டோம்.”

எல்லோரும் உட்கார்ந்தபடியே பேசினார்கள். தலைமையாசிரியர் எழுந்து நின்றார். குடி என்பது சமுதாயத்தை அரிக்கும் கரையான் என்று ஆரம்பித்தார். இளைய தலைமுறையை எச்சரித்தார். பெற்றோரைக் கண்டித்தார். அரசாங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர் குறிப்பிடாமல் விட்ட குடிகாரர் ஒரே ஒருவர்தான்.

“முடிவாக” என்றார். யாரும் அசையவில்லை. “இறுதியாக” என்றார். பள்ளியில் இந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், கொட்டாவி விடுவார்கள், கடைசியில் மணி வந்து காப்பாற்றும். இங்கே அத்தனை பேரும் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் அவர் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. கரையான் தீர்ந்தது, சமுதாயம் தீர்ந்தது. உட்கார்ந்தார். எல்லோரும் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேத்திய மடியில வெச்சிருந்தேன்” என்றார். அவருக்கே கேட்காத குரல். “அப்படியே தூங்கிட்டேன். பொண்ணு வந்து தூக்கிட்டுப் போயிட்டா. தூக்கினதுகூட எனக்குத் தெரியல. முழிச்சுப் பார்த்தா மடி காலியா இருக்கு. விழுந்துடுச்சுன்னு நெனச்சு நாற்காலிக்கு அடியில தேடினேன்.”

“நன்றி” என்றாள் நர்ஸ். அடுத்தவர் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவரும் விளையாட்டு ஆசிரியரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“நாளைக்கு ஸ்கூல்ல...” என்று இழுத்தார் தலைமையாசிரியர்.

“நாளைக்கு நீங்க எச்.எம். சார். லேட்டா வந்தா வழக்கம்போலத் திட்டுங்க. ஆனா கொஞ்சம் சுருக்கமா.”

வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு நடையே மாறியிருந்தது, போரில் வென்று வருகிறவர்போல. மகள் கூடத்தில் உட்கார்ந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“போய்ட்டு வந்துட்டேம்மா. பேசினேன்.”

“அதுல எனக்குச் சந்தேகமே இல்லப்பா.”

“இல்லம்மா. பாப்பாவப் பத்திச் சொல்லிட்டேன். நாற்காலிக்கு அடியில தேடினத.”

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தேடியது அவளுக்குத் தெரியாது. தலைமையாசிரியர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“இன்னும் இல்லப்பா” என்றாள். ஆனால் எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். அவர் உட்கார்ந்து, தொடாமல் குழந்தையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி வாழ்க்கையே வேறு என்று தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமையும் கூட்டத்துக்குப் போனார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை குடித்திருந்தார்.