மூணாம் நம்பர் மோட்டார்

அப்பா வேலை பார்த்த பம்ப் ஹவுஸ் வாசலில் பதிக்க வைத்திருந்த கல்லைப் பார்த்ததும் பெரியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவின் பெயருக்குக் கீழே, 'இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்' என்று செதுக்கியிருந்தார்கள்.

பச்சைப் பொய். அப்பா லீவு போட்ட கதையை அவளைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வாள். அவள் கை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலை விட்டு அவர் நகரவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்து இரண்டு பெண்களுக்கும் தலை பின்னிவிட்டார். பின்னல் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். ஆனால் சாயங்காலம் வரை அவிழாது, ஸ்பேனர் பிடித்த கை அல்லவா. சின்னவளுக்குப் பள்ளி நாடகத்தில் மரம் வேஷம், ஒரு வரி வசனம் கிடையாது. அதற்கும் கிரீஸ் படிந்த பூட்ஸோடு முன்வரிசையில் உட்கார்ந்து விடாமல் கைதட்டினார். "வேலைக்குப் போகலையாப்பா?" என்று கேட்டால், "லீவு போட்டுட்டேன். நான் போகலைன்னா தண்ணி மேல ஏறமாட்டேன்னா சொல்லப்போகுது?" என்பார்.

அந்த மனுஷனைப் போய், வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் மாதிரி கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள். வயிற்றில் புற்றுநோய் வந்து அவர் போய் மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. நாளைக்கு அவள் மகள் வந்து இதைப் படித்தால் தாத்தாவைப் பற்றி என்ன நினைப்பாள்? கல் சொல்வதைத்தானே நம்புவாள்.

"வாயை மூடிக்கிட்டு வா. ஆசையா செய்றாங்க," என்றாள் அம்மா.

"ஆசையா செஞ்சா பொய் உண்மையாயிடுமாம்மா?"

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

மோட்டார் ஹாலிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த என்ஜினியர் நல்ல விதமாகவே பேசினார். வருகைப் பதிவேடு முழுவதையும் புரட்டிப் பார்த்துத் தானே எழுதிக்கொடுத்த வாசகம் அது என்றும் சொன்னார். பிறகு வீட்டார் யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார். பெரியவள் விறுவிறுவென்று மைக்குக்குப் போனாள்.

"எங்கப்பா நிறைய லீவு போட்டிருக்காரு. எல்லாம் எங்களுக்காகப் போட்டாரு. எங்களுக்கு அதுதான் பெருமை. இந்தக் கல்லுல இருக்கிறவரு எங்கப்பா இல்ல."

என்ஜினியரின் முகம் வெளிறிப்போனது. பின்வரிசையில் இருந்த வயதான ஆபரேட்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பாப்பா சொல்றதும் உண்மை, பதிவேடு சொல்றதும் உண்மை. உனக்குக் கை உடைஞ்சப்போ மூணு நாளும் அவர் ஷிஃப்டை நான் பாத்தேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு என் ஷிஃப்டை அவர் பாத்தார். மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான்."

"நாடகத்தன்னிக்கு நான்," என்று எழுந்தாள் எலக்ட்ரீஷியன் அக்கா.

"அண்ணி ஆபரேஷனுக்கு நாங்க ரெண்டு பேரும்," என்று இன்னொரு மூலையில் இருவர் எழுந்தார்கள். அப்படியே ஒவ்வொருவராக ஹாலில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பெரியவள் ஆபரேட்டர் பக்கம் திரும்பினாள். "அப்போ ஞாயித்துக்கிழமையெல்லாம் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போவாரே? மூணாம் நம்பர் மோட்டார் மக்கர் பண்ணுதுன்னு?" அந்த மோட்டாரை அவர்கள் வீட்டில் திட்டாத நாள் கிடையாது.

ஹாலே சிரித்தது. "மூணாம் நம்பரா?" என்று ஆபரேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது என் சர்வீஸ்ல ஒரு நாள் மக்கர் பண்ணினதில்லம்மா. எங்க பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னு அவர் எங்க ஷிஃப்டுக்கு வந்தப்போ எல்லாம் உங்க வீட்டுக்கு அது கெட்டுப்போயிருக்கு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நோயில படுத்திருந்த ஏழு மாசம்?"

"பழைய என்ஜினியர்கிட்ட சொல்லிட்டு ஆளுக்கொரு ஷிஃப்டுன்னு பாத்துக்கிட்டோம். அவர் கேக்கவே இல்ல. நாங்கதான் அவர் பேருக்கு நேரா லீவுன்னு எழுத விடல."

அவளுக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் ஈடுகொடுத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வந்து தலை பின்னிவிட்டிருக்கிறார்.

"கல்லை மாத்திடலாமாம்மா?" என்று என்ஜினியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

நாலு பேர் முன்னால் வாய் திறந்தே அறியாத அம்மா எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

"மாத்த வேண்டாம் தம்பி. கீழ இடம் இருக்கு. வீட்டுக்கும் ஒரு நாள்கூட லீவு போடலைன்னு எழுதிடுங்க."