நேற்றைய விலை

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, போனில் வந்தது. வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் கூப்பிட்டார். "விலைவாசி தாறுமாறா ஏறின அந்தக் கெட்ட பத்து வருஷத்தையும் இன்னைக்கு நாம பண்ற செலவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு கதை வேணும்மா. அன்னைக்கு சிக்கனம், இன்னைக்கு ஊதாரித்தனம். படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்." சரி சார் என்றேன். [கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். ஆனால் வீட்டு வாடகை என்று ஒன்று இருக்கிறதே.]

உட்கார்ந்த வேகத்தில் முதல் வரி வந்து விழுந்தது:

அந்தப் பத்து ஆண்டுகளில் மனிதர்கள் ஒவ்வொரு காசையும் முடிந்து வைத்து, கிழிந்த சட்டையைத் தைத்துத் தைத்து

சகிக்கவில்லை. இன்னொன்று:

இன்றைய தலைமுறைக்குப் பணத்தின் அருமை

இரண்டையும் அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். எவ்வளவு லட்சணமாக ஆரம்பித்தேன் என்று நீங்களும் பார்க்க வேண்டாமா?

கதைக்கு ஓர் ஆள் வேண்டும். கைவசம் அண்ணன் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக், போன மாதம்தான் ஓய்வு பெற்றார். அந்தக் கெட்ட காலத்தில் அவர் வேலைக்குப் புதிது, கல்யாணத்துக்கும் புதிது. நான் பள்ளிக்கூடச் சிறுமி. அவரைப் பிடித்துக் கதைக்குள் போட்டு, கஞ்சனாக்கி, கோணல் ஆணியைத் தட்டி நிமிர்த்த வைத்து, இரண்டு பக்கம் எழுதினேன். பெருமையாக எடுத்துக்கொண்டு போய் அவரிடமே படித்தும் காட்டினேன்.

2

"என் காதுல ஏன் பூ சுத்துற?" என்றார் அண்ணன். "யாரு காசு சேர்த்தது? நானா?"

"பின்ன?"

"அடிப் பைத்தியமே. அப்போ காசு சேர்த்தவன்தான் நாசமாப் போனான். நான் ராஜா மாதிரி செலவு பண்ணேன். அதனாலதான் நீ பட்டினி கிடக்கல."

என் கஞ்சன் அங்கேயே செத்துப்போனான். அண்ணன் சொல்லச் சொல்ல எனக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. மளிகைக்காரர் ஒரு கையில் சாக்பீஸும் மறு கையில் ஈரத்துணியுமாக விலைப்பலகையின் பக்கத்திலேயே நிற்பார். சாப்பாட்டுக் கடையில் முதலில் காசு, பிறகுதான் தட்டு. சாப்பிட்டு முடிப்பதற்குள் விலை ஏறிவிட்டால் யார் பொறுப்பு? சம்பளம் கைக்கு வந்ததும் அண்ணனும் கூட வேலை செய்தவர்களும் அழுக்கு யூனிஃபார்மோடு கடைத்தெருவுக்கு ஓடுவார்களாம். என்ன வேண்டும் என்பதல்ல கேள்வி, என்ன இருக்கிறது என்பதுதான். காசு வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால் பாதி செத்துவிடும்.

ஒருமுறை ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கடையெல்லாம் காலி. மிஞ்சியிருந்தது ஒரு சலூன் நாற்காலி. சுழலும், சாயும், காலுக்கு மிதி உண்டு. ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொட்டி அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாராம். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு முடிதிருத்துபவர் அதற்குப் பதிலாக மாவும் சர்க்கரையும் பால்பவுடரும் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். அந்த நாற்காலியைத்தான் நாங்கள் அந்த மழைக்காலம் முழுக்கச் சாப்பிட்டோம்.

அப்பா வேறு மாதிரி. கிளார்க். ஆயுசு முழுக்க வங்கியில் போட்டார், எடுக்கவே இல்லை. ஓய்வு பெற்று மொத்தத்தையும் எடுத்தபோது அதற்கு ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. கண்ணாடிக்குக் கூடு வாங்கக் காசு பத்தவில்லை. அண்ணன் கூடப் போயிருந்தார். கடைக்காரர் இரக்கப்பட்டுக் கூட்டைச் சும்மா கொடுக்க வந்தபோது அப்பா வேண்டாம் என்றுவிட்டாராம்.

[இதை எழுதாமல் விட்டுவிடப் பார்த்தேன். இதை விட்டால் அண்ணனை உங்களுக்குப் புரியாது.]

சரி, அன்றைய சிக்கனம் புஸ்ஸென்று போய்விட்டது. இன்றைய ஊதாரியையாவது பிடிப்போம் என்று அண்ணன் மகளை யோசித்துப் பார்த்தேன். அவள் ஒரு செருப்பு வாங்க மூன்று கடை விலையைப் பார்க்கிறவள். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறவள். சம்பளத்தில் முதலில் சேமிப்பை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் மூச்சே விடுவாள். அப்பன் செலவாளி, மகள் சேமிப்பாளி. ஆசிரியர் கேட்டதற்கு அப்படியே தலைகீழ். ஊதாரிதான் வேண்டுமென்றால் என்னைப் பாருங்கள்: தவணையில் வாங்கிய ஜூஸ் மெஷின், ஒரே ஒருமுறை ஓடியது.*

* கேரட் ஜூஸ். நன்றாகவும் இல்லை.

3

இந்த இடத்தில் இது கதையாக இல்லாமல் கட்டுரையாகவே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வெள்ளிக்கிழமை அண்ணனின் ஓய்வுப் பணம் மொத்தமாக வங்கிக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் அண்ணி எனக்குப் போன் போட்டார்.

அண்ணியைப் பற்றிச் சொல்லவில்லை அல்லவா? திரைச்சீலைக் கடையில் தையல் வேலை. மிஷின் மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. இருப்பதோ நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. [லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்பதைக் கதைக்காக நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் வெட்கப்பட்டு எடுத்திருப்பேன்.] அடுத்த தெருவில் தரைத்தள வீடு ஒன்று காலியாகியிருக்கிறது. வீட்டுக்காரர் வெளியூரில். திங்கட்கிழமை வந்து முன்பணம் வாங்கிக்கொள்கிறேன், அன்றைக்குத் தராவிட்டால் வேறு குடும்பம் தயாராக நிற்கிறது என்று சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் அந்தக் காசு தங்கணும்" என்றார் அண்ணி. "உன் அண்ணன்கிட்ட தங்குமா, சொல்லு."

எனக்குத் தெரிந்து தங்கியதில்லை. காலம் மாறி எத்தனையோ வருடம் ஆன பிறகும் மாதம் பிறந்தால் அவர் ஓடுகிறார். அவர் வீட்டு உள்ளறையில் இரண்டு பேர் நிற்க முடியாது: சோப்பு, பல்பு, அடுக்கடுக்காக வாளி, சைக்கிளே இல்லாத வீட்டில் சைக்கிள் டயர்.

"பேங்க் கார்டை வாங்கி வச்சுக்குங்களேன், அண்ணி."

"அவரு சம்பாதிச்சது. நாப்பது வருஷமா ஊர்ல இருக்கவங்களை எல்லாம் மேல ஏத்தி இறக்கின காசு. அதை நான் எப்படிம்மா பிடுங்குவேன்?"

4

சனிக்கிழமை மதியம் மறுபடியும் அண்ணி. "ரெண்டு பெரிய பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பஸ் ஏறினேன். பஸ்ஸில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள்: முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அண்ணன் மூன்று குளிர்சாதனப் பெட்டிகளோடு வந்து இறங்குகிறார். எல்லோரும் சிரிக்கிறோம். [அண்ணி சிரிக்க மாட்டார்.]

முடிவு ஆ: பணத்தை எடுத்துக்கொண்டு வரும் வழியில் ஒரு திருடன். ஆசிரியர் கேட்ட கண்ணீர் கிடைத்துவிடும். திருடனுக்குத் தாடி வைப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

முடிவு இ: வங்கி வாசலில் அண்ணன் மனம் மாறி, பொருளாதாரத்தைப் பற்றி

வேண்டாம். அந்த மனுஷன் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால் தண்ணீர் கேட்பார்.

மூன்றாவது மாடியிலேயே அண்ணி படியில் உட்கார்ந்திருந்தார். தேடிப் பார்க்கலாம் என்று ஒரு மாடி இறங்கியிருக்கிறார், அதற்கு மேல் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கதையாவது கத்தரிக்காயாவது, இந்த அம்மாளுக்கு அந்த வீடு கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

கீழே செருப்புச் சத்தம். அண்ணன்தான். இரண்டு பைகளும் மடித்த மடிப்புக் கலையாமல் கக்கத்தில் இருந்தன.

"என்னங்க வாங்குனீங்க?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் வாங்கல" என்றார் அண்ணன், திருடிவிட்டு வந்தவர் ஒப்புக்கொள்கிற மாதிரி.

எங்களுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "வாஷிங் மெஷின் கடைக்குப் போனேன். பத்து மெஷின் வாங்கிப் போட்டுட்டா பின்னாடி விலை ஏறும்போது வித்துக்கலாம்னு கணக்குப் போட்டுட்டேன். மத்தியானம் பூரா அங்கயேதான் நின்னேன். கடைக்காரப் பையன் வந்து, சார் பில் போடட்டுமான்னான். இவ மாடியேறுறது ஞாபகம் வந்துச்சு. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன்." எங்களை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு வரேன்னு நான் எந்தக் கடையிலயும் சொன்னதில்ல. நாளைக்குள்ள ஏறிடுச்சுன்னா என்ன பண்றது?"

அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூன்று பேருமாக அந்த மிச்ச மாடியை ஏறினோம்.

5

ராத்திரி அவர் கண்ணே மூடவில்லை என்று காலையில் அண்ணி சொன்னார். கடை திறந்ததும் திறக்காததுமாக அண்ணன் அங்கே நின்றார். துணைக்கு நான்.

அதே வாஷிங் மெஷின். விலைச்சீட்டை ஒருமுறை படித்தார். கையால் தொட்டு, அடியில் வேறு சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"தம்பி, நேத்தும் இதே விலைதானே?"

விற்பனையாளர் பேரம் என்று நினைத்துக்கொண்டார். "சார், போன மாசமும் இதேதான் சார். இதுக்கு மேல குறைக்க முடியாது, கோவிச்சுக்காதீங்க."

"போன மாசமுமா?"

"ஆமா சார். வேணும்னா மேனேஜரைக் கூப்பிடுறேன்."

"வேணாம் வேணாம்" என்றார் அண்ணன். பிறகு அந்தக் கடையில் இருந்த ஒவ்வொரு பொருளின் முன்பும் போய் நின்றார். இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, அடுப்பு. விற்பனையாளர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றுக்கும் நேற்றைய விலைதான் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணன் ஒரு ஃபிரிட்ஜ் மேல் கையை ஊன்றிக்கொண்டு "அப்பாடா" என்றார். அப்படி ஒரு அப்பாடாவை நான் கேட்டதில்லை. இத்தனை வருடம் உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு.

"அப்பா இதைப் பார்க்காம போயிட்டாருடி" என்றார். அழுதார். நானும் அழுதேன். விற்பனையாளர் பயந்துபோய், பத்து சதவீதம் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன் சார் என்றார்.

[விலையே ஏறாது என்று நான் சொல்ல வரவில்லை. என் வாடகை போன வருடம் ஏறியது. வீட்டுக்காரரை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு நோட்டிஸ் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்து ஏறியது. அந்த ஒரு மாதத்தின் மதிப்பு அந்தக் கடையில் நிற்கும்வரை எனக்குத் தெரியாது.]

6

திங்கட்கிழமை வீட்டுக்காரர் வந்தார். அண்ணன் மகள் போனில் நாலு தட்டுத் தட்டினாள், முன்பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார் அண்ணன், ஏமாந்த மாதிரி. அண்ணி தெருவிலிருந்து நேராக வீட்டுக்குள் நடந்தார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். வாசலிலேயே நின்றுகொண்டு, "பொழுதன்னைக்கும் போயிட்டு வரலாம் போல இருக்கு" என்று சிரித்தார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் முன்பணம் கொடுத்தது போகக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இன்று காலை அண்ணன் கூப்பிட்டார்.

"காசு அப்படியே இருக்குடி. காலையில பார்த்தேன், இருக்கு. இப்பவும் பார்த்தேன், இருக்கு. சும்மா இருக்கிற காசை வச்சுக்கிட்டு மனுஷன் என்ன பண்ணுவான்?"

அவருக்கு இது வாழ்க்கையில் முதல்முறை. மகளைக் கேட்டால் அதையும் எங்கேயாவது பூட்டி வைக்கச் சொல்வாள். என்னைக் கேட்டால், ஜூஸ் மெஷின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பத்திரிகை ஆசிரியரோ முடிவில் ஒரு படிப்பினை வேண்டும் என்கிறார். என்னிடம் இல்லை சார். அதனால் அண்ணனின் கேள்வியை அப்படியே உங்களிடம் தள்ளிவிடுகிறேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்ல வேண்டும் என்பதில்லை. அவசரமே இல்லை என்று அண்ணன் சொல்லச் சொன்னார்.